ரயில் நின்ற ஊர்: சிம்பல்வெல்டின் 170 ஆண்டுகள்

பெல்ஜியத்தின் லீஜ், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், ஜெர்மனியின் ஆகன் ஆகிய மூன்று நகரங்களை ஒரே வண்டியில் கடக்கும் ரயில் சேவை 2024 கோடையில் முழுமை பெற்றது. 'மூன்று நாட்டு ரயில்' என்று அங்குள்ளவர்கள் அதை அழைக்கிறார்கள். அந்தச் செய்தியோடு வந்த வரைபடங்களைப் பார்த்த பலருக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். மாஸ்ட்ரிக்டிலிருந்து ஆகனுக்குக் குறுக்கு வழியில் செல்லும் பாதை ஒன்று 1853இலேயே போடப்பட்டது. புதிய வண்டியோ வடக்கே ஹேர்லன் நகரைத் தொட்டுச் சுற்றிக்கொண்டு போகிறது. பழைய பாதை என்ன ஆயிற்று?

அந்தப் பழைய பாதையில், எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர்தான் சிம்பல்வெல்ட். பக்கத்து ஊரான போக்கோல்ட்ஸையும் சேர்த்தால் பத்தாயிரத்துச் சொச்சம் மக்கள். அன்றாடப் போக்குவரத்துக்கான ரயில் அங்கே இப்போது ஒன்றுகூட இல்லை. ஆனால் நிலையம் இருக்கிறது, யார்டு இருக்கிறது, கரி எரித்துப் புகை கக்கும் நீராவி எஞ்சின்கள் இருக்கின்றன. நெதர்லாந்தில் 'ரயில் ஊர்' எப்படி உருவாகிறது, எப்படித் தேய்கிறது, எதனால் பிழைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ரயில் ஊர் என்றால் என்ன?

டச்சு மொழியில் 'ஸ்போர்' என்றால் தண்டவாளம். 'டார்ப்' என்றால் கிராமம். இரண்டையும் சேர்த்து 'ஸ்போர்டார்ப்' என்பார்கள். ரயில் போகும் ஊரெல்லாம் ரயில் ஊர் ஆகிவிடாது. நெதர்லாந்தில் நூற்றுக்கணக்கான கிராமங்களின் ஓரமாக ரயில் ஓடுகிறது. வயலைத் தாண்டுவதுபோல் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. வண்டி ஓரிடத்தில் கட்டாயம் நின்றாக வேண்டும், நின்று ஏதோ ஒரு வேலை நடந்தாக வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் அங்கே ஆட்கள் குடியேறுகிறார்கள். நீராவிக் காலத்தில் வண்டியை நிறுத்திய காரணங்களில் முக்கியமானவை இவை:

1. தண்ணீரும் கரியும். நீராவி எஞ்சின் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஓடும் இயந்திரம். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை நிரப்பியே ஆக வேண்டும்.

2. மேடு. இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. சமதளத்தில் அதுவே பெரிய வரம். குறைந்த சக்தியில் பெருஞ்சுமையை இழுக்கலாம். ஏற்றத்தில் அதுவே சிக்கல். பாரவண்டிக்கு இரண்டாவது எஞ்சின் பூட்ட வேண்டும், அல்லது வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

3. எல்லை. சுங்கச் சோதனை, ஆவணச் சரிபார்ப்பு, ஒரு நிறுவனத்தின் வண்டியை அடுத்த நிறுவனம் பொறுப்பேற்றுக்கொள்வது.

4. சந்திப்பு. இரண்டு பாதைகள் சேருமிடத்தில் பெட்டிகளைப் பிரித்து, சேர்த்து, வேறு வரிசையில் கோப்பது.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஒரு சிற்றூர் பிழைத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் ரோசண்டால், ஆண்ட்வெர்ப் பாதையின் எல்லை நிலையமாக 1854 முதல் வளர்ந்த ஊர். டில்பர்க் நகரின் ஒரு பகுதியை ரயில்வே பணிமனை வளர்த்தது. சிம்பல்வெல்டுக்கோ முதலில் மேடும் எல்லையும் சேர்ந்தே வாய்த்தன. பிறகு சந்திப்பும் வந்து சேர்ந்தது.

ஆம்ஸ்டர்டாமுக்கு முன்பே ஆகன்

இந்தப் பாதையின் பிறப்பைப் புரிந்துகொள்ள, சிம்பல்வெல்ட் அடங்கிய லிம்பர்க் மாகாணத்தின் விசித்திரமான அரசியல் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1830இல் பெல்ஜியம் பிரிந்தபோது மாஸ்ட்ரிக்ட் கோட்டையைத் தவிர லிம்பர்க்கின் பெரும்பகுதி பெல்ஜியத்தின் பக்கம் போனது. 1839ஆம் ஆண்டு லண்டன் ஒப்பந்தம் மாகாணத்தை இரண்டாக வெட்டி, கிழக்குப் பாதியை டச்சு மன்னரிடம் திருப்பிக் கொடுத்தது. அதோடும் முடியவில்லை. மாஸ்ட்ரிக்டும் வென்லோவும் நீங்கலாக, டச்சு லிம்பர்க் 1866 வரை ஜெர்மன் கூட்டமைப்பிலும் ஓர் உறுப்பு. தெற்கு லிம்பர்க்கோ மூன்று பக்கமும் அயல்நாடுகள் சூழ, ஒரு பை போலத் தொங்கும் நிலப்பகுதி. அங்கிருந்து சந்தைக்குப் போவதென்றால் ஆகனும் லீஜும்தான் பக்கம். ஆம்ஸ்டர்டாம் தொலைதூரத் தலைநகர்.

நெதர்லாந்தின் முதல் ரயில் 1839 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லமுக்கும் இடையே ஓடியது. அதன் தண்டவாள இடைவெளி 1,945 மில்லிமீட்டர். அண்டை நாடுகள் ஏற்றுக்கொண்டதோ 1,435 மில்லிமீட்டர். அதாவது தொடக்கத்தில் டச்சு வண்டி அயல்நாட்டுத் தண்டவாளத்தில் ஏறவே முடியாது. ஜெர்மன் பக்கத்தில் கொலோனிலிருந்து ஆகன் வரை 1841இல் பாதை வந்துவிட்டது. 1843இல் அது பெல்ஜியத்தையும் எட்டியது. மாஸ்ட்ரிக்ட் வணிகர்கள் பக்கத்திலேயே ஓடும் அந்தப் பாதையோடு இணையத் துடித்ததில் வியப்பில்லை.

1853 அக்டோபரில் ஆகன்–மாஸ்ட்ரிக்ட் பாதை திறக்கப்பட்டது. லிம்பர்க்கின் முதல் ரயில் அது. நெதர்லாந்திலிருந்து எல்லை கடந்து சென்ற முதல் ரயில் பாதையும் அதுவே. இடைவெளி 1,435 மில்லிமீட்டர். வழியிலுள்ள வால்கன்பர்க் நிலையம் அந்த ஆண்டிலேயே உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில் சிறு கோட்டை போலக் கட்டப்பட்டது. நெதர்லாந்தில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான்.

இதை வேறொரு விதமாகவும் சொல்லலாம். சிம்பல்வெல்ட் விவசாயி ஒருவர் 1853 முதல் ஊரிலேயே ரயிலேறி ஆகன் வழியாகக் கொலோனுக்குப் போக முடிந்தது. அதே மனிதர் ஆம்ஸ்டர்டாமுக்கு இடைவெளியின்றித் தண்டவாளத்திலேயே போக மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மாஸ், வால், லெக் என்ற பெரிய ஆறுகள் குறுக்கே கிடந்தன. அவற்றின் மேல் ரயில் பாலங்கள் கட்டி முடிய ஏறக்குறைய 1870 ஆகிவிட்டது. ரயில்தான் நாட்டை ஒன்றுசேர்த்தது என்று பொதுவாக எழுதுவார்கள். தெற்கு லிம்பர்க்கில் அது முதலில் அண்டை நாட்டோடு அல்லவா சேர்த்தது!

பாதையை நடத்தியவர்களும் பெரும்பாலும் ஹாலந்துக்காரர்கள் அல்லர். தொடக்கத்தில் ஆகன்–மாஸ்ட்ரிக்ட் ரயில் நிறுவனம். 1867 முதல் 'கிராண்ட் சென்ட்ரல் பெல்ஜ்' என்ற பெல்ஜிய நிறுவனம். அந்த நிறுவனத்தைப் பெல்ஜிய அரசு எடுத்துக்கொண்ட பிறகு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் டச்சுப் பகுதி டச்சு ரயில் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

மேட்டடியில் ஒரு நிறுத்தம்

நெதர்லாந்து என்றாலே கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் சமவெளிதான் நினைவுக்கு வரும். தெற்கு லிம்பர்க் அப்படிப்பட்டதன்று. இங்கே குன்றுகள் உண்டு, ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்குகள் உண்டு. மாஸ்ட்ரிக்டிலிருந்து கிளம்பும் பாதை கேல் ஆற்றின் கரையோடு மெல்ல ஏறுகிறது. ஸ்கின்-ஒப்-கேல், வெய்ல்ர என்ற ஊர்களைத் தாண்டியதும் அய்ஸ் ஓடையின் சிறு பள்ளத்தாக்குக்குள் திரும்பி ஏற்றம் கூடுகிறது. அந்த ஓடையின் மேல்பகுதியில்தான் சிம்பல்வெல்ட். ஊரைத் தாண்டி ஜெர்மன் எல்லையிலுள்ள ஃபெட்ஷாவ் மேட்டுக்கு ஏறுவதே பாதையின் கடினமான பகுதி. நெதர்லாந்தின் செங்குத்தான ரயில் ஏற்றங்களில் ஒன்று.

பொறியாளரின் கண்ணோடு பார்த்தால் சிம்பல்வெல்டின் இடம் விளங்கும். கனத்த ஏற்றத்துக்கு முன்னால் எஞ்சினுக்கு மூச்சு வாங்க ஓரிடம் வேண்டும். கொதிகலனில் அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள நேரம் வேண்டும். எதிர்த்திசையில் இறங்கி வரும் வண்டிக்கோ பிரேக்கைச் சோதிக்க வேண்டும். கூடவே அடுத்த ஊர் வேற்று நாடு. இரண்டு தேவைகளும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

எல்லை நிலையத்தில் ஒரு சரக்கு வண்டி நிற்கும்போது என்னென்ன நடக்கும்? சுங்க அதிகாரிகள் ஒவ்வொரு பெட்டியின் முத்திரையையும் பட்டியலையும் ஒப்பிடுவார்கள். சரக்கு முகவரின் எழுத்தர் தீர்வை கணக்கிடுவார். பெட்டி ஆய்வாளர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார். அயல்நாட்டுப் பெட்டிக்கு நாள் வாடகை உண்டு என்பதால் அது எந்த மணிக்கு உள்ளே வந்தது, எந்த மணிக்கு வெளியே போகிறது என்று பதிவேடு எழுதப்படும். பாயிண்ட்ஸ்மேன், ஷண்டிங் ஆட்கள், சிக்னல் கேபின் ஊழியர், டிரைவர், ஃபயர்மேன், கார்டு, நிலைய அதிகாரி, சுங்கத்தார், எல்லைக் காவலர் என்று ஒரு வண்டியின் பின்னால் இத்தனை பேரின் சம்பளம் இருந்தது. அவர்களுக்கு வீடு வேண்டும், கடை வேண்டும், பள்ளி வேண்டும்.

கடிகாரச் சிக்கல் தனி. ஜெர்மனி 1893இல் மத்திய ஐரோப்பிய நேரத்தை ஏற்றது. டச்சு ரயில்கள் அப்போது கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லையில் ஒரு மணி நேர வித்தியாசம். 1909இல் நெதர்லாந்து முழுவதும் ஆம்ஸ்டர்டாம் நேரம் சட்டமானது. அது கிரீன்விச்சைவிட ஏறக்குறைய 20 நிமிடம் முந்தியது. எனவே வித்தியாசம் 40 நிமிடமாகக் குறைந்தது. 1940 மே மாதம் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்து பெர்லின் நேரத்தைத் திணிக்கும் வரை அப்படியே இருந்தது. எல்லை நிலைய ஊழியர்கள் ஒவ்வொரு நாளும் இரண்டு நேரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அடுத்த நிலையத்துக்குப் போகும் வண்டி, கால அட்டவணையில் முக்கால் மணிக்கு மேல் எடுத்துக்கொண்டதுபோலத் தெரியும். அதே தூரத்தைத் திரும்பி வரும்போது, கிளம்பிய நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும்!

எல்லையில் ஒரு மொழி, எல்லையைத் தாண்டியும் அதே மொழி

ஊரின் இயல்பைத் தண்டவாளம் மட்டும் தீர்மானிக்கவில்லை. சிம்பல்வெல்டின் வட்டார வழக்கு, மாஸ்ட்ரிக்ட் மக்கள் பேசும் லிம்பர்க் வழக்கைவிட ஆகன், கொலோன் பகுதிப் பேச்சுக்கே நெருக்கமானது. கெர்க்ராட, ஃபால்ஸ், போக்கோல்ட்ஸ் ஊர்களிலும் அப்படித்தான். மொழியியலார் இதை ரிப்புவேரியன் வழக்கு என்பார்கள். நிலையத்தில் பெயர்ப்பலகை டச்சில் இருக்கும், சட்டம் டச்சு, சந்தையில் நடக்கும் பேரமோ எல்லையின் இருபுறமும் ஒரே பேச்சில். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ரயில், சுங்க ஊழியர்கள் இந்தப் பேச்சு புரியாமல் முதலில் திணறியிருப்பார்கள் என்பதை எளிதில் ஊகிக்கலாம். பெரும்பாலும் கத்தோலிக்க விவசாயிகள் வாழ்ந்த ஊரில், சீருடை அணிந்த அரசு ஊழியர் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தபோது ஊருக்குள் இரண்டு உலகங்கள் உண்டாயின. பள்ளத்தில் கோயிலும் பண்ணை வீடுகளும். சற்று மேலே நிலையமும் அதைச் சார்ந்த வாழ்க்கையும்.

எல்லைக்குப் பக்கத்தில் இருப்பது வேறு ஒரு வகையிலும் ஊரை மாற்றியது. 1870களில் பிஸ்மார்க் அரசு ஜெர்மனியில் கத்தோலிக்கத் துறவியர் சபைகளை ஒடுக்கியது. ஆகனில் கிளாரா ஃபை என்பவர் தொடங்கிய, ஏழைக் குழந்தைகளுக்காக உழைத்த பெண் துறவியர் சபையும் அதில் சிக்கியது. அவர்கள் எல்லை தாண்டி வந்து தங்கள் தலைமை இல்லத்தைச் சிம்பல்வெல்டில் நிறுவினார்கள். கிளாரா ஃபை 1894 மே மாதம் இங்கேயே காலமானார். 2018இல் ஆகன் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், ஆனால் சொந்த ஊர் கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது.

ரயிலுக்கு வெகுகாலம் முன்பே இது ஆள் நடமாட்டம் மிகுந்த பகுதி என்பதையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். 1930இல் இங்கே மண்ணுக்கடியிலிருந்து ரோமானியர் காலக் கல் ஈமப்பெட்டி ஒன்று கிடைத்தது. உட்புறச் சுவர்களில் ஒரு வீட்டின் மேசை, அலமாரி, பாத்திரங்கள் எல்லாம் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்க, கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். லெய்டன் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். வழக்கமாக வெளிப்புறத்தில் செதுக்குவதை உள்ளே, இறந்தவருக்கு மட்டுமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

நிலக்கரியும் மில்லியன் பாதையும்

ஆகன்–மாஸ்ட்ரிக்ட் நிறுவனம் தண்டவாளம் போடுவதற்கு முன்பே இன்னொரு தொழிலில் கால் வைத்திருந்தது. கெர்க்ராடவில் ரோல்டுக் மடத்துத் துறவிகள் பழங்காலந்தொட்டு நிலக்கரி எடுத்துவந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிப் படை அதைப் பறிமுதல் செய்ய, சுரங்கம் அரசுச் சொத்தானது; அதனாலேயே 'அரசுடைமை' என்று பொருள்படும் 'டொமானியால' என்ற பெயர். அந்தச் சுரங்கத்தை ரயில் நிறுவனம் 1840களின் நடுவில் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பாதை ஓடுவதற்குக் கரியும் வேண்டும், சுமப்பதற்குச் சரக்கும் வேண்டும். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்வது நல்ல கணக்குதான்.

1890களின் இறுதியிலிருந்து தெற்கு லிம்பர்க்கில் பெரும் சுரங்கங்கள் வரிசையாகத் திறந்தன. ஹேர்லனில் ஒரான்ய-நாசோ, கெர்க்ராட வட்டாரத்தில் வில்லம்-சோபியா, பிறகு அரசுச் சுரங்கங்களான வில்ஹெல்மினா, எம்மா, ஹென்ட்ரிக், மௌரிட்ஸ். முதல் உலகப் போரில் நடுநிலை வகித்த நெதர்லாந்து, அயல்நாட்டுக் கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது எப்படித் தவிக்க நேரும் என்பதைக் கண்டது. உள்நாட்டுக் கரியை உள்நாட்டுத் தண்டவாளத்திலேயே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அதன் விளைவுகளில் ஒன்றுதான் ஸ்கேஸ்பெர்கிலிருந்து கெர்க்ராட வழியாகச் சிம்பல்வெல்டுக்கு வந்த புதிய பாதை. நீளம் ஏறக்குறைய 12.5 கிலோமீட்டர், செலவு சுமார் 12.5 மில்லியன் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). கிலோமீட்டருக்கு ஒரு மில்லியன்! மக்கள் வைத்த பெயர் 'மில்லியன் பாதை'. குன்றை வெட்டிய ஆழமான பள்ளங்கள், ஓடைகளின் மேல் உயர்ந்த மண்கரைகள், ஏற்கனவே வீடுகளும் சுரங்கங்களும் நெருங்கிய வட்டாரம் என எல்லாமே செலவை ஏற்றின. 1925இல் தொடங்கிய வேலை 1934இல்தான் முடிந்தது. உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்த நேரத்தில் அது திறக்கப்பட்டது.

அன்று முதல் சிம்பல்வெல்ட் மூன்று திசைகள் சந்திக்கும் ஊர்: மேற்கே மாஸ்ட்ரிக்ட், கிழக்கே ஆகன், வடக்கே கெர்க்ராடவின் சுரங்கங்கள். முன்பு நான் பட்டியலிட்ட நான்கு காரணங்களும் ஒருசேர இந்தச் சிற்றூரில் கூடியது அப்போதுதான். அது முப்பது ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை.

காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன

1. கரி போயிற்று. 1959இல் நாட்டின் வடகோடியில் ஸ்லோக்டரன் என்ற இடத்தில் பெரும் இயற்கை எரிவாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. 1965 டிசம்பர் 17 அன்று பொருளாதார அமைச்சர் யோப் டென் ஊல், ஹேர்லன் நகர நாடக அரங்கில் சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். டொமானியால 1969இல் மூடப்பட்டது, வில்லம்-சோபியா 1970இல். 1974 கடைசி நாளோடு நெதர்லாந்தில் நிலக்கரி எடுப்பதே முடிவுக்கு வந்தது. மில்லியன் பாதை எதற்காகப் போடப்பட்டதோ அந்தச் சரக்கே இல்லாமல் போனது.

2. நீராவி போயிற்று. நெதர்லாந்து ரயில்வே 1958 ஜனவரியில் நீராவி எஞ்சின்களுக்கு முழுமையாக விடைகொடுத்தது. டீசல் வண்டிக்குத் தண்ணீர் நிறுத்தம் தேவையில்லை. ஏற்றமும் அதற்கு அவ்வளவு பெரிய பகையாக இல்லை. ஒரு டிரைவர் இருந்தால் போதும், ஃபயர்மேன் வேண்டாம்.

3. சந்திப்பு போயிற்று. கெர்க்ராட பக்கத்திலிருந்து வந்த பயணி ரயில் 1988இல் நின்றது.

4. எல்லை போயிற்று. ஆகன் செல்லும் பயணி ரயிலும் 1992இல் நின்றது. அடுத்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்து, நாடுகளுக்கிடையிலான சுங்கச் சோதனையே ஒழிந்தது. எல்லை நிலையம் என்ற ஒன்றுக்கே வேலையில்லாமல் போனது.

சில மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏறக்குறைய 140 ஆண்டுகள் தடைகளோடு எல்லை கடந்த வண்டி, தடை நீங்கும் தருணத்தில் இல்லாமல் போய்விட்டது.

இன்னொரு முடிவும் சாத்தியமாக இருந்தது: கென்னெப்

காரணங்கள் கழன்ற ரயில் ஊருக்கு என்ன நேரக்கூடும் என்பதைப் பார்க்க, லிம்பர்க்கின் வடகோடிக்குப் போகலாம். கென்னெப், மாஸ் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். 1869இல் தொடங்கிய வடக்கு பிரபாண்ட்–ஜெர்மன் ரயில் நிறுவனம் தன் பணிமனையை அங்கே வைத்தது. பாக்ஸ்டலிலிருந்து கென்னெப் வழியாக ஜெர்மனியின் கோக் நகருக்கு 1873இலும், ரைன் ஆற்றங்கரை வேசலுக்கு 1878இலும் பாதை போயிற்று. இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஃபிளிஸ்ஸிங்கன் துறைமுகம் வந்த தபாலும் பயணிகளும் இந்த வழியாகத்தான் பெர்லின் போனார்கள். நிறுவனத்தின் நீல நிற எஞ்சின்களை 'நீலப் பிரபாண்டர்கள்' என்று மக்கள் அழைத்தார்கள்.

1914இல் போர் வந்து எல்லை அடைபட்டதும் நிறுவனத்தின் உயிரே போயிற்று. அதன் பிறகு அது எழுந்திருக்கவில்லை. 1940 மே 10 விடியற்காலையில் டச்சுக் காவலர் சீருடையில் ஏமாற்றி வந்த ஜெர்மன் சிறப்புப் படையினர் கென்னெப் ரயில் பாலத்தைச் சேதமின்றிக் கைப்பற்றினர். கவச ரயில் ஒன்றும், பின்னாலேயே படைவீரர் ரயிலும் அந்தப் பாலத்தைக் கடந்து மில் என்ற ஊருக்கு அப்பால் டச்சுப் பாதுகாப்பு வரிசையைத் துளைத்தன. 1945 மார்ச் 10 அன்று பின்வாங்கிய ஜெர்மன் படை வேசலின் ரைன் பாலத்தைத் தகர்த்தது. அந்த ரயில் பாலம் திரும்பக் கட்டப்படவேயில்லை. இன்று கென்னெப்பில் தண்டவாளமே இல்லை.

கென்னெப்புக்கு இருந்தது ஒரே காரணம்: தொலைதூரப் பயணிகள் கடக்கும் எல்லை. அது அறுந்தபோது பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. சிம்பல்வெல்டில் காரணங்கள் பலவாக இருந்ததால் முடிவு மெதுவாக வந்தது. அந்தத் தாமதம்தான் ஊரைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. கடைசி ரயில் நின்ற 1990களில், பழைய ரயிலைப் பாதுகாக்க வேண்டும் என்ற விழிப்பு ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டிருந்தது. 1950களில் நின்றிருந்தால் இரும்பு விலைக்குப் போயிருக்கும்.

புதிய ரயில் ஏன் இந்த வழியாக வரவில்லை?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம்.

1. ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? ஹேர்லன், சுரங்கக் காலத்தில் பெருத்த நகரம். அதைத் தொட்டுச் செல்லும் பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கப் பயணிகள் உண்டு. குறுக்கு வழியில் இருப்பவை சிற்றூர்கள்.

2. மின்சாரம். ஹேர்லன் வழியில் மின்மயமாக்க வேண்டியிருந்தது லாண்ட்கிராஃப் முதல் எல்லை தாண்டி ஹெர்சோகன்ராட் வரையிலான சிறு துண்டு மட்டுமே. 2018 இறுதியில் அது முடிந்தது. சிம்பல்வெல்ட் பாதை ஒருபோதும் மின்மயமாக்கப்படவில்லை.

3. மூன்று மின்னழுத்தங்கள். நெதர்லாந்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம், பெல்ஜியத்தில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம், ஜெர்மனியில் 15,000 வோல்ட் மாறுமின்சாரம். மூன்றிலும் ஓடக்கூடிய வண்டியும், மூன்று நாட்டு சிக்னல் பாதுகாப்புக் கருவிகளும் வேண்டும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியைப் பயணிகள் அதிகமுள்ள வழியில்தான் ஓட்டுவார்கள்.

4. ஃபெட்ஷாவுக்கு அப்பால் என்ன இருக்கிறது? ஹெர்சோகன்ராடில் புதிய வண்டி நேராக ஜெர்மனியின் முதன்மைப் பாதையில் சேர்ந்து ஆகனுக்குள் நுழைகிறது. பழைய பாதையிலோ ஜெர்மன் பக்கத்தை ஏறக்குறைய புதிதாகவே போட வேண்டும்.

தூரத்தை மட்டும் வைத்து வரைபடத்தில் கோடு போட்டால் பழைய பாதை வெல்லும். ரயில் தூரத்துக்காக மட்டும் ஓடுவதில்லை.

நின்ற இடத்தில் நிற்கும் எஞ்சின்கள்

1988இல் தெற்கு லிம்பர்க் நீராவி ரயில் நிறுவனம் தொடங்கப்பட்டது. நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஸ்கின்-ஒப்-கேலிலிருந்து சிம்பல்வெல்ட் வழியாகக் கெர்க்ராட வரையும், எல்லையிலுள்ள ஃபெட்ஷாவ் வரையும் பாரம்பரிய வண்டிகளை ஓட்டுகிறார்கள். அவர்களுடைய எஞ்சின்களில் சுவீடனிலிருந்து வந்தவையும் உண்டு. 'மில்லியன் பாதை' என்ற பழைய பெயரையே தங்கள் சேவைக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய பாதையின் மற்றொரு பாதியில், ஹேர்லனிலிருந்து கெர்க்ராட மையம் வரை, அன்றாடப் பயணி ரயில் இன்றும் ஓடுகிறது.

இதை வெறும் சுற்றுலா விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது தவறு. ஒரு நீராவி எஞ்சினை ஒருநாள் ஓட்டுவதற்குப் பல மணி நேரம் முன்பே தீமூட்டிக் கொதிகலனைப் பதமாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உலோகம் விரிசல் விடும். கரியை எந்த மூலையில் எவ்வளவு தூவுவது, ஏற்றம் வருவதற்கு எவ்வளவு முன்னால் அழுத்தத்தைக் கூட்டுவது, மழையில் சக்கரம் வழுக்கினால் எப்போது மணல் தூவுவது என்பவற்றைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கைவரும். குன்றும் ஏற்றமும் உள்ள பாதை ஒன்று கையில் இருப்பதால்தான் அந்தத் திறமை சிம்பல்வெல்டில் கைமாறிக்கொண்டிருக்கிறது. சமவெளியில் வைத்துக் காப்பாற்றியிருந்தால் பாதி வித்தை மறந்துபோயிருக்கும்.

மாஸ்ட்ரிக்டிலிருந்து வரும் தண்டவாளம் ஸ்கின்-ஒப்-கேல் நிலையத்தைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கக் கிளையில் மின்சார வண்டிகள் ஹேர்லனை நோக்கிப் போகின்றன. வலப்பக்கக் கிளையின் மேல் மின்கம்பி இல்லை. அது பள்ளத்தாக்கின் விளிம்போடு வளைந்து, ஓடையைத் தொடர்ந்து, சிம்பல்வெல்டை நோக்கி ஏறத் தொடங்குகிறது.